எதிர்ப்பு, மறுப்பு, கண்டனம், ஆட்சேபணை, மறியல்: வேர் என்ன, எதை எங்கே போடுவது?

மெய்ப்புமேசை கேட்டது:

செய்திகளில் அடிக்கடி தட்டுப்படும் மாதிரித் தலைப்புகள் மூன்றைத் தருகிறேன்.

"மின்கட்டண உயர்வுக்கு வணிகர்கள் மறுப்பு"

"ஊழல் புகாருக்கு முன்னாள் தலைவர் எதிர்ப்பு"

"நில எடுப்பு: கலெக்டரிடம் விவசாயிகள் கண்டன மனு"

மூன்றும் இடறுகின்றன என்று காது சொல்கிறது. ஆனால் காரணம் கேட்டால் அகராதி கைகொடுப்பதில்லை. எதிர்ப்பு என்ற சொல்லுக்கு மறுப்பு என்றும், மறுப்புக்குக் கண்டனம் என்றும், கண்டனத்துக்கு ஆட்சேபணை என்றும் ஒன்றையொன்று பொருளாகப் போட்டு வட்டமடிக்கிறது. புதிதாகப் பிழைதிருத்த வருகிறவர்களுக்கு வேரோடு சொல்லிக் கொடுத்தால் நிற்கும். இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, எதற்கு எது பொருந்தும்? மறியல் பழைய சொல்லா, போராட்டக் காலத்தில் உண்டாக்கியதா? பந்த், ஹர்த்தால், தர்ணா, கெரோ ஆகியவற்றுக்கு நாம் எழுதும் தமிழ்ச் சொற்கள் சரியான இணைதானா? கடைசியாக, எதிர்கட்சியா, எதிர்க்கட்சியா?

---

வேர்தேடி பதில்:

முதலில் எதிர். இந்தச் சொல்லுக்குள் பகை கிடையாது. முகத்துக்கு நேரே இருப்பது எதிர், அவ்வளவுதான். "பஸ் ஸ்டாண்டுக்கு எதித்தாப்ல" என்று வழி சொல்கிறோமே, அதுதான் அடிப்படைப் பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் எதுரு, மலையாளத்தில் எதிர். அங்கும் முன்னால் என்பதே முதற்பொருள். தெலுங்கில் எதுருசூபு என்றால் ஒருவர் வரவை நோக்கிக் காத்திருப்பது. நம் எதிர்பார்ப்பு அப்படியே அதில் இருக்கிறது.

முன்னால் இருப்பது இடமாகவும் இருக்கலாம், காலமாகவும் இருக்கலாம். தொல்காப்பியம் முக்காலத்தை "இறப்பின் நிகழ்வின் எதிர்வின்" என்று சொல்கிறது. வரப்போகும் காலத்துக்கு எதிர்வு என்று பெயர். 429-ஆம் குறளில் "எதிரதாக் காக்கும் அறிவினார்" என்றால் வரப்போவதை முன்னறிந்து காப்பவர். அங்கே யாரும் யாரையும் எதிர்க்கவில்லை. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வரும்போது மூன்றுமாவடியில் கூட்டம் கூடி நிற்பதற்கு எதிர்சேவை என்று பேர். எதிரே போய் வரவேற்பது! விருந்தினரை எதிர்கொள்வதும் அதே வகை.

அப்படியானால் எதிர்ப்புக்கு இன்றைய பொருள் எப்படி வந்தது? முகத்துக்கு முகம் நிற்பவர் இருவகை: ஒன்று நமக்கு இணையானவர், இன்னொன்று நம்மோடு மோத வந்தவர். சோழர் காலப் பட்டப்பெயர்களில் வரும் எதிரிலி என்பதை எதிரி இல்லாதவன் என்று படிப்பதைவிட, நேர் நிற்க ஆளில்லாதவன், நிகரற்றவன் என்று படிப்பது பொருத்தம். இன்னும் தெளிவான சான்று தொல்காப்பிய உவமவியலில் இருக்கிறது. அங்கே "ஆறாறு" என்று 36 உவம உருபுகள் வருகின்றன. போல, அன்ன, ஒப்ப ஆகியவற்றோடு உறழ, மாற்ற, மறுப்ப, பொருவ, வெல்ல, எள்ள ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. பொருதல் என்றால் போரிடுதல். பொருவ என்றால் போல. ஒன்றை இன்னொன்றோடு எதிரெதிரே நிறுத்தினால்தான் ஒப்பிடவும் முடியும், மோதவும் முடியும் என்பது இந்தச் சொற்களின் கணக்கு.

ஆகவே எதிர்ப்பு என்று எழுதும்போது ஒருவர் எழுந்து முகம் கொடுத்து நிற்க வேண்டும். அவர் நிற்பது ஒரு செயலுக்கு, முடிவுக்கு, திட்டத்துக்கு, ஆளுக்கு எதிராக இருக்கும். மின்கட்டண உயர்வு ஒரு முடிவு. வணிகர்கள் அதன் முன் நிற்கிறார்கள். எனவே "மின்கட்டண உயர்வுக்கு வணிகர்கள் எதிர்ப்பு."

நீதிமன்றத் தமிழில் எதிரிக்கு இந்தப் பழைய பொருளே இன்னும் ஓடுகிறது. குற்ற வழக்கில் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எழுதுவது பகைவர் என்ற பொருளில் அன்று. வழக்கில் எதிர்த்தரப்பில் நிறுத்தப்பட்டவர் என்ற பொருளில். தீர்ப்புக்கு முன் அவரைக் குற்றவாளி என்று எழுதுவதைக் காட்டிலும் எதிரி என்று எழுதுவது சரி. பொதுவாசகருக்கு அது பகைவன் என்று ஒலிக்கும் என்பதால் செய்தியில் குற்றம்சாட்டப்பட்டவர் என்று மாற்றிக்கொள்வது நல்லது.

அடுத்து மறு. இதற்கு அடிப்படை திரும்புதல், இன்னொன்றாதல். மறுநாள், மறுமை, மறுமணம், மறுமொழி எல்லாம் இதன் கிளைகள். மலையாளத்தில் மறுபடி என்றால் பதில். நமக்கு மறுபடி என்றால் திரும்பவும். இரண்டும் ஒரே வேரின் இரு திருப்பங்கள். நம்மை நோக்கி வந்த ஒன்றைத் திருப்பி அனுப்புவது மறுத்தல். அதனால் மறுப்புக்கு முன்னால் ஏதாவது ஒன்று வந்திருக்க வேண்டும்: ஒரு வேண்டுகோள், ஒரு கூற்று, ஒரு குற்றச்சாட்டு. எதுவும் வராத இடத்தில் மறுப்பு இல்லை.

இங்கேதான் பிழை அதிகம் விழுகிறது. மறு என்ற வினை இரண்டு வேலை செய்யும். எந்த வேலை என்பதை அதற்கு முன் வரும் சொல்லின் வடிவம் காட்டிவிடும். "வர மறுத்தார்", "கூற மறுத்தார்" என்று செய என்னும் எச்சம் வந்தால் இணங்கவில்லை என்று பொருள். "குற்றச்சாட்டை மறுத்தார்" என்று ஐ உருபு வந்தால் அது உண்மையில்லை என்றார் என்று பொருள். "பணம் வாங்க மறுத்தார்" என்பதும் "பணம் வாங்கியதை மறுத்தார்" என்பதும் ஒருவருடைய மானத்தையே மாற்றிவிடும் இரண்டு செய்திகள். தலைப்பில் இடமில்லை என்று "பணம்: அதிகாரி மறுப்பு" என்று சுருக்கினால் இரண்டில் எது என்று தெரியாது. வினையை வெட்டாதீர்கள்.

உங்கள் இரண்டாவது தலைப்பில் வந்தது ஒரு புகார். புகாரை அவர் திருப்பி அனுப்புகிறார். "ஊழல் புகார்: முன்னாள் தலைவர் மறுப்பு" என்பதே சரி.

மறுதலி என்று இன்னொன்றும் உண்டு. பேதுரு சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலித்தார் என்று வேதாகமத்தில் வருவதால் கிறிஸ்தவத் தமிழில் அது வலுவாக நிற்கிறது. உறவையோ நம்பிக்கையையோ தன்னுடையதில்லை என்று கைவிடுவது மறுதலித்தல். வெறும் மறுத்தலைவிடக் கனமான சொல்; செய்தியில் சும்மா போடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: நிலவில் மறு, மறுவற்ற என்பதில் வரும் மறு வேறு சொல், கறை என்று பொருள். இதோடு முடிச்சுப் போட்டு வேர் சொல்லும் பதிவுகள் சுற்றுகின்றன. நம்ப வேண்டாம்.

---

ஏட்டுச்சுவடி பதில்:

வேர்தேடி ஐயா எழுதியதோடு பகையையும் சேர்க்கலாம். அதைப் பகு என்னும் வினையோடு இணைத்துப் பார்ப்பதே பொருத்தம். பகுதல் என்றால் பிளவுபடுதல். பகல் என்பதும் அதே குடும்பம். பட்டினப்பாலையில் "நெடு நுகத்துப் பகல் போல" என்று வருகிறதே, அந்தப் பகல் நுகத்தடியை இரு பாதியாகப் பிரிக்கும் நடு ஆணி. இரண்டு மாட்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது. அதனால்தான் புலவர் அதை வணிகரின் நடுவுநிலைமைக்கு உவமையாக்கினார். பிரிவு என்ற ஒரே கருத்தில் ஒரு கிளை நடுநிலைமைக்கும் ஒரு கிளை பகைமைக்கும் போயிருக்கிறது.

பழைய இலக்கியத்தில் பகைவரைச் சொல்லும் பெயர்களைக் கவனியுங்கள்: ஒன்னார், ஒட்டார், நண்ணார், துன்னார், கூடார், சேரார், மேவார், பொருந்தார். எல்லாம் எதிர்மறை. ஒட்டாதவர், அணுகாதவர், கூடாதவர், பொருந்தாதவர். குறளில் மட்டும் "ஒன்னார்த் தெறலும்" (264), "ஒட்டார்பின் சென்றொருவன்" (967), "நண்ணாரும் உட்கும்" (1088) என்று பார்க்கலாம். கெட்டவர், கொடியவர் என்று பெயர் வைக்காமல் நம்மோடு சேராதவர் என்று வைத்த மொழி இது. இன்று சேர மறுப்பவரை எல்லாம் துரோகி என்று எழுதும் பழக்கத்துக்கு முன்னால் இந்தச் சொற்கள் எவ்வளவு அளவாக இருக்கின்றன என்று பாருங்கள்.

மாறு என்பதும் இந்த வரிசைதான். 861-ஆம் குறளில் "வலியார்க்கு மாறேற்றல்" என்றால் வலியவரை எதிர்த்து நிற்றல். மாற்றான், மாற்றார் என்பவை அதிலிருந்து.

முரண் மட்டும் வேறு. அதற்கு ஆள் தேவையில்லை. இரண்டு கூற்றுகளே ஒன்றுக்கொன்று முரணலாம். "மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே" என்று தொல்காப்பியச் செய்யுளியல் முரண்தொடைக்கு இலக்கணம் சொல்கிறது. அடிதோறும் முதலில் இரவு–பகல், கருமை–வெண்மை என்று வைத்துத் தொடுப்பது அழகு, சண்டை இல்லை. ஆகவே "அமைச்சரின் பேச்சு முன்பு சொன்னதற்கு முரணாக உள்ளது" என்பது சரி. "அமைச்சர் கட்சிக்கு முரணாகப் பேசினார்" என்பது சரியில்லை. கட்சியின் நிலைப்பாட்டுக்கு முரணாகப் பேசினார் என்றாக வேண்டும்.

இனி கண்டனம். இது வடசொல். கண்ட் என்னும் வினைக்குத் துண்டாக்குதல் என்று பொருள். கண்டதுண்டம், கண்டம் ஆகியவற்றில் அதைப் பார்க்கலாம். சாத்திர விவாதத்தில் எதிர்த்தரப்பின் வாதத்தைத் துண்டு துண்டாக உடைத்துக் காட்டுவது கண்டனம். தன் வாதத்தை நிறுவுவது மண்டனம். 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சைவர்களும் கிறிஸ்தவ மிஷனரிகளும் அச்சில் மோதிக்கொண்டபோது வெளியான கண்டன நூல்கள் எல்லாம் இந்தப் பொருளில்தான். ஆறுமுக நாவலரின் சைவதூஷண பரிகாரம் (1854) அந்தக் காலத்துப் படைப்பு. சைவத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும் கட்டமைப்பு அதற்கு.

இன்று கண்டனத்தில் வாதம் இல்லாமல் போய்விட்டது. நடந்துவிட்ட ஒன்றைத் தவறு என்று பகிரங்கமாகச் சொல்வது மட்டும் மிச்சம். அந்த மாற்றம் முழுமையாகிவிட்டது, திருப்ப முடியாது. ஆனால் ஒரு எல்லை இன்றும் உறுதியாக இருக்கிறது: கண்டனம் நடந்ததைப் பார்த்துச் சொல்வது, நடக்கப்போவதற்குச் சொல்வதில்லை. தடியடிக்குக் கண்டனம், நாளை வரப்போகும் சட்டத்துக்கு எதிர்ப்பு. மசோதா தாக்கலாகும் முன்பே "மசோதாவுக்குக் கண்டனம்" என்று எழுதுவது பொருந்தாது.

சட்டமன்றச் செய்திகளிலும் இந்தக் கண்டிப்பு வேண்டும். கண்டனத் தீர்மானம் வேறு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் வேறு. கண்டனத் தீர்மானத்தில் எந்தச் செயலுக்காக, எந்தக் கொள்கைக்காக என்று காரணத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. மக்களவையில் அதை எடுத்துக்கொள்ள 50 உறுப்பினர்களின் ஆதரவு வேண்டும். துண்டித்துக் காட்டுதல் என்ற பழைய பொருளின் வாசனை கண்டனத் தீர்மானத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

ஆட்சேபணை: ஆ + க்ஷிப். க்ஷிப் என்றால் எறிதல். ஒருவர் சொல்லும்போதே குறுக்கே ஒன்றை எறிவது. அணியிலக்கணத்தில் ஆக்ஷேபம் என்ற அணியைத் தண்டியலங்காரம் முன்னவிலக்கு என்று தமிழாக்கியது. விலக்குதல் நல்ல தேர்வு. எழுத்துக்கூட்டில் மூலத்தில் இருப்பது ணகரம். ஆட்சேபணை என்றே எழுதுங்கள். ஆட்சேபனை பத்திரிகைகளில் பரவிவிட்ட வடிவம்.

இன்று அது முறைப்படி, குறித்த காலத்துக்குள், உரிய அதிகாரியிடம் பதிவு செய்யும் தடை. வாக்காளர் பட்டியல் வரைவு வெளியானதும் கோரிக்கைகளும் ஆட்சேபணைகளும் வாங்குகிறார்கள். ஒரு பெயர் சேர்க்கப்படுவதை ஆட்சேபிக்க 7-ஆம் எண் படிவம். நில எடுப்பில் 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு முதல்நிலை அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 60 நாள் தருகிறது. எழுத்தில் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். நிலத்தின் பரப்பும் பொருத்தமும், பொதுநோக்கம் நியாயம்தானா, சமூகத் தாக்க மதிப்பீட்டின் முடிவுகள் ஆகியவை பற்றி ஆட்சேபிக்கலாம். ஆகவே உங்கள் மூன்றாவது தலைப்பு "ஆட்சேபணை மனு" என்றிருக்க வேண்டும். இது வெறும் சொல் தேர்வு இல்லை. கண்டன மனு என்று படித்துவிட்டு யாராவது கோபத்தை மட்டும் எழுதி, சர்வே எண்ணும் காரணமும் இல்லாமல் கொடுத்தால் அதிகாரி அதை எதன் கீழ் எடுத்துக்கொள்வார்?

விரோதம்: வி + ருத், தடுத்தல். சட்டவிரோதம் என்பதில் சட்டத்துக்கு மாறானது என்ற பொருள் நிற்கிறது. தனியாக வந்தால் பேச்சுத்தமிழில் அது ஆள்மீதான பகை. "திட்டத்துக்கு விரோதமாக" என்று எழுதினால் கொள்கை வேறுபாடு தனிப்பகைபோலத் தொனிக்கும். தவிர்க்கலாம்.

---

வடமராட்சி பதில்:

மறியலைப் பற்றி இலங்கையில் இருந்து ஒரு விஷயம். இங்கே மறியல் என்றால் சிறை, காவல். நீதவான் ஒருவரை "14 நாள்கள் விளக்கமறியலில் வைக்குமாறு உத்தரவிட்டார்" என்று நாள்தோறும் செய்தி வரும். விளக்கம் என்றால் விசாரணை. விசாரணை முடியும்வரை தடுத்து வைப்பது விளக்கமறியல். சிறைக்கு மறியற்சாலை என்றும் பெயர் உண்டு. தமிழ்நாட்டு வாசகர் "மறியலில் வைத்தனர்" என்று படித்துத் திகைப்பதும், இங்குள்ளவர் "மறியலில் ஈடுபட்டனர்" என்று படித்துத் திகைப்பதும் இதனால்தான்.

இரண்டில் பழையது எங்களுடைய பொருள். பழைய அகராதிகளில் மறியல் என்பதற்குத் தடுத்து வைத்தல் என்ற பொருளைத்தான் காண்கிறோம். வேர் மறி: போவதைத் தடுத்து நிறுத்து, மடக்கு. வழிமறித்தல் என்கிறோம். தென்மாவட்டங்களில் அறுவடைக்குப் பிறகு வயலில் ஆட்டுக்கிடை மறிப்பார்கள். பகல் முழுக்க மேய்ந்த ஆடுகளை இரவில் வயலுக்குள்ளேயே மடக்கி நிறுத்துவது. புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலிலேயே விழுந்து உரமாகும். மறி என்ற வினையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கிடையைப் பார்த்தால் போதும்.

ஆக, மறியல் போராட்டக் காலத்தில் புதிதாகக் கட்டிய சொல் இல்லை. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்ற கள்ளுக்கடை மறியல் போன்றவற்றில் பழைய சொல் புதிய கைக்கு மாறியது. அதுவரை அதிகாரி ஆளை மறித்தார். அப்போது மக்கள் கடைக்குப் போகிறவர்களை மறித்தார்கள். பிறகு சாலை மறியல், ரயில் மறியல்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கும். யாருடைய போக்காவது தடைபட்டால்தான் மறியல். சாலையோரம் பதாகை பிடித்து நின்று கோஷம் போட்டால் அது ஆர்ப்பாட்டம். ஓர் அலுவலகத்தைச் சூழ்ந்து உள்ளே இருப்பவரை வெளியே விடாவிட்டால் முற்றுகை. ஓரிடத்தில் உட்கார்ந்து நகராவிட்டால் தர்ணா அல்லது உள்ளிருப்பு. நான்கையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். வழக்குப் பதிவாகும்போது பிரிவுகள் வேறாகும் என்பதால் செய்தியில் கவனம் தேவை.

பகிஷ்காரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகிஸ் என்றால் வெளியே. வெளியே ஆக்குதல், விலக்கி வைத்தல். இங்கே பணிப்பகிஷ்கரிப்பு என்று வேலைநிறுத்தத்துக்கே எழுதுவோம். தமிழ்நாட்டில் புறக்கணிப்பு என்கிறார்கள். புறம் என்பதும் வெளியே, முதுகுப்பக்கம். வடசொல்லும் தமிழும் ஒரே படத்தைக் காட்டுகின்றன. ஆங்கிலத்தின் பாய்காட்டுக்கு மட்டும் படம் கிடையாது. அது ஓர் ஆளின் பெயர். அயர்லாந்தில் மாயோ மாவட்டத்தில் ஒரு நிலப்பிரபுவின் பண்ணை நிர்வாகியாக இருந்த கேப்டன் சார்லஸ் பாய்காட்டுக்கு 1880-இல் குத்தகைக்காரர்கள் வேலை செய்யவும் பொருள் விற்கவும் பேசவும் மறுத்துவிட்டார்கள். சில மாதங்களுக்குள் அவர் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. நமக்குப் புறக்கணிப்பு கைவசம் இருக்கும்போது பாய்காட் எழுத வேண்டிய தேவை இல்லை.

---

மெய்ப்புமேசை எழுதியது:

மறியலுக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது, நன்றி. பந்த், தர்ணா வகையறாவும் எதிர்க்கட்சியும் பாக்கி. உருபு பற்றியும் சொல்லுங்கள்: "அரசுக்கு எதிர்த்து" என்று நிறைய வருகிறது.

---

வேர்தேடி பதில்:

வடக்கிலிருந்து வந்த சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு செயலின் நேர்ப்பெயர். அதனால் தமிழில் ஏற்கெனவே அந்தச் செயலுக்குப் பெயர் இருந்தால் இணை சரியாக உட்காரும்.

ஹர்த்தால் குஜராத்தியிலிருந்து வந்தது. ஹட் என்றால் கடை, தாள் என்றால் பூட்டு. கடையடைப்பு என்பது சொல்லுக்குச் சொல் அதே. இலங்கையில் 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தாலுக்குப் பிறகு அந்தச் சொல் அங்கே அரசியல் பெயராகவே நிலைத்துவிட்டது. அந்த நிகழ்வைக் குறிக்கும்போது கடையடைப்பு என்று மாற்றக் கூடாது.

பந்த் என்றால் மூடியது, கட்டியது. பந்தோபஸ்து என்ற பாரசீகச் சொல்லின் முதற்பாதியும் இதே 'கட்டு'தான். முழு அடைப்பு நல்ல தமிழ். ஆனால் கடையடைப்பும் முழு அடைப்பும் ஒன்றில்லை. பேருந்து ஓடினால் முழு அடைப்பு என்று எழுதாதீர்கள்.

கெரோ, இந்தியில் சூழ்தல் என்னும் வினையிலிருந்து. 1960-களில் மேற்கு வங்கத் தொழிற்சாலைகளில் நிர்வாகிகளை அறைக்குள் வைத்துச் சூழ்ந்துகொள்வதற்கு அந்தப் பெயர் பரவியது. முற்றுகை இதற்கு மிகச் சரி. முற்றுதல் என்றால் வளைத்துச் சூழ்தல். கோட்டையை வளைக்கும் உழிஞைத் திணைக்குத் தொல்காப்பியம் தரும் இலக்கணமே "முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்". முற்றுகைக்கு ஒரு வட்டம் வேண்டும். வாசலில் மட்டும் கூடி நின்றால் அது முற்றுகை ஆகாது. காவல்துறை வாசலுக்கு 200 அடி முன்னாலேயே நிறுத்திவிட்டால் "முற்றுகையிட முயன்றனர்" என்றுதான் எழுத முடியும்.

தர்ணாவுக்கு மட்டும் நம்மிடம் நேர்ச்சொல் இல்லை. த்ரு என்றால் பிடித்திருத்தல். கடன் கொடுத்தவர் கடன்காரன் வாசலில் போய் அமர்ந்து, பணம் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று பட்டினி கிடப்பது பழைய வழக்கம். உட்கார்ந்தவருக்கு ஏதாவது ஆனால் பாவம் வீட்டுக்காரருக்கு என்ற அச்சம்தான் அதன் பலம். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் 508-ஆவது பிரிவில், தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து மிரட்டுவதற்கு எடுத்துக்காட்டாக வாசலில் தர்ணா இருப்பதையே தந்தது. உள்ளிருப்பு, அமர்வுப் போராட்டம் எல்லாம் உட்காருவதை மட்டும் சொல்கின்றன. வாசலை விட்டு நகராத பிடிவாதம் அவற்றில் வரவில்லை. தர்ணாவைத் தர்ணா என்றே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

உள்ளூர்ச் சொல் ஒன்று உண்டு, அதையும் எல்லாரும் தப்பாகவே பயன்படுத்துகிறோம்: முட்டுக்கட்டை. தேரோட்டத்தில் சக்கரத்துக்கு அடியில் செருகும் ஆப்பு வடிவக் கட்டை அது. பழைய மரத்தேருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. வடம் பிடிக்கிறவர்கள் இழுக்க மட்டும்தான் முடியும். வேகத்தைக் குறைப்பதும், ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புவதும், நிலையில் கொண்டுபோய் நிறுத்துவதும் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. சக்கரம் ஏறிவரும் நொடியில் கட்டையைக் கொடுத்துக் கையை எடுக்க வேண்டும். அரை அடி தப்பினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று எழுதும்போது கெடுப்பவர் என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. தேரடியில் கேட்டால் முட்டுக்கட்டை இல்லாமல் தேரை அவிழ்க்கவே மாட்டார்கள்.

---

ஒற்றுமிகுமிடம் பதில்:

உருபும் ஒற்றும் என் பங்கு.

எதிர்த்து என்பது வினையெச்சம். அது ஐ உருபைக் கேட்கும்: அரசை எதிர்த்து. எதிராக என்பது கு உருபைக் கேட்கும்: அரசுக்கு எதிராக. "அரசுக்கு எதிர்த்து", "அரசை எதிராக" இரண்டும் இந்த இரண்டையும் கலந்ததால் வந்த பிழைகள். எதிர்ப்பு என்ற பெயர் வந்தால் கு: அரசுக்கு எதிர்ப்பு. மறுப்பில் கூடுதல் கவனம் வேண்டும். "புகாருக்கு மறுப்பு" என்றால் புகார் பொய் என்றார். "அனுமதி மறுப்பு" என்றால் அனுமதி தரப்படவில்லை. அனுமதிக்கு மறுப்பு என்று கு சேர்த்தால் குழம்பும்.

எதிர்க்கட்சி என்பதே சரி. எதிர்த்தரப்பில் இருக்கும் கட்சி என்று பெயரும் பெயரும் சேர்ந்த தொடர். நீர்க்குடம், ஊர்க்காவல் போல ர் என்ற மெய்க்குப் பின் வல்லினம் மிகும். எதிர்த்தரப்பு, எதிர்ப்பக்கம் ஆகியவையும் அப்படியே. எதிர்காலம் மிகாது, அது எதிரும் காலம் என விரியும் வினைத்தொகை. எதிர்பார், எதிர்கொள் என்று பின்னால் வினை வந்து ஒட்டும் இடங்களிலும் மிகாமல் எழுதுவதே வழக்கு. ஆகவே எதிர்பார்ப்பு. "எதிர்ப்பார்ப்பு" என்று ஒற்றுப் போடுவது மிகப் பரவலான பிழை. எதிர்ப்பு என்ற சொல் மனத்தில் குறுக்கிடுவதால் நேர்கிறது. எதிர்மறைக்கும் எதிரொலிக்கும் இந்தச் சிக்கலே இல்லை.

எதிர்ப்பு, மறுப்பு இரண்டும் வன்தொடர்க் குற்றியலுகரத்தில், அதாவது வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில், முடிகின்றன. அடுத்து க, ச, த, ப வந்தால் மிகும்: எதிர்ப்புத் தெரிவித்தனர், எதிர்ப்புக் குரல், மறுப்புக் கடிதம். எதிர்த்துப் பேசினார், எதிராகப் போராடினர் என்பவற்றிலும் மிகும். எதிரான கருத்து பெயரெச்சம், மிகாது. கண்டனம் மகரத்தில் முடிவதால் தனியாக நின்றால் "கண்டனம் தெரிவித்தனர்". தொகையானால் மகரம் கெட்டுக் "கண்டனத் தீர்மானம்", "கண்டனக் கூட்டம்". நீங்கள் தலைப்பில் தந்த "கண்டன மனு"வில் ஒற்றுக்கு இடமில்லை. அடுத்து மகரம்தான் இருக்கிறது.

---

ஏட்டுச்சுவடி பதில்:

பயிற்சிக்கு என்றால் நன்னூலின் "எழுவகை மதமே" நூற்பாவை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மதம் என்றால் கொள்கை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தோடு எப்படியெல்லாம் உறவாடலாம் என்று பிரித்திருக்கிறார்: உடன்படல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைதல், தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துதல், மாறுபடும் இருவரில் ஒரு பக்கத்தைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறரோடு சேராமல் தன் கருத்தையே கொள்ளுதல். உடன்படுவது ஒன்றுதான், மாறுபடுவதற்கு இத்தனை வகை.

இன்றைய செய்திகளில் "எதிர்ப்பு" என்று ஒரே சொல்லில் அடைப்பவற்றை இந்த ஏழில் எது என்று கேட்டுப் பாருங்கள். "மசோதாவை வரவேற்கிறோம், ஆனால் 4-ஆம் பிரிவை நீக்க வேண்டும்" என்று ஒரு சங்கம் அறிக்கை விட்டால் அது எதிர்ப்பு அன்று, மறுப்பும் அன்று; ஏற்றுக்கொண்டு களைதல். அதற்கு "4-ஆம் பிரிவை நீக்கக் கோரிக்கை" என்று தலைப்பிட்டால் சங்கத்துக்கும் நியாயம், வாசகருக்கும் நியாயம்.